பெரிய சில்லறை வணிகத்துக்கு உண்மையில் எத்தனை சர்வர் தேவை? பில்லில் தொடங்கும் கணக்கு

நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள ஒரு நிறுவனம் தன் கணினி வசதியைப் புதுப்பிக்கப் போகிறது என்றால், முதல் கூட்டத்திலேயே சர்வர் பட்டியல் மேஜைக்கு வந்துவிடும். இப்போது இருக்கும் மெஷின்கள் எத்தனையோ, அதில் ஒன்றரை மடங்கு. எதற்கும் இருக்கட்டும் என்று மேலே கொஞ்சம். நெரிசல் நேரத்தில் நொடிக்கு எத்தனை பில் விழுகிறது என்று கேட்டால் மட்டும் அறை அமைதியாகிவிடும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினால், மற்ற எல்லாக் கணக்கும் அதன் பின்னாலேயே வரும். இந்த வழிகாட்டி அப்படித்தான் போகிறது.

பல வருடங்கள் இந்த வேலையில் இருந்து நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பனை அதிகம் என்பதால் சர்வர் கூடுவது குறைவு. கிளையில் ஓடும் மென்பொருள், தலைமையிடத்தில் உள்ள மைய சர்வர்களோடு தேவையில்லாமல் பேசிக்கொண்டே இருப்பது, ஒரே தகவலைப் பல இடத்தில் நகல் வைப்பது, நெட்வொர்க் லைன் அறுந்தாலும் கிளை ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் ஆகிய மூன்றும்தான் எண்ணிக்கையை ஏற்றுகின்றன. முதல் இரண்டைக் குறைக்கலாம், மூன்றாவதில் கை வைக்கக் கூடாது.

படி 1: பில்லை எண்ணுங்கள்

கணக்குக்கு ஒரு மாதிரி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 400 கிளைகள். கிளைக்கு 12 பில்லிங் கவுன்டர்கள், மொத்தம் 4,800. ஒரு கிளையில் நாளைக்கு 2,500 பில், ஒரு பில்லில் சராசரியாக 10 பொருள். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை இதுவேதான்.

நாளைக்கு 10 லட்சம் பில். கடை 14 மணி நேரம் திறந்திருந்தால் சராசரி நொடிக்கு 20 பில். ஆனால் சராசரியை வைத்து எதையும் வாங்கக் கூடாது. உச்சம் எவ்வளவு? 4,800 கவுன்டரும் ஒரே நேரத்தில் திறந்து, ஒவ்வொன்றும் 90 நொடிக்கு ஒரு பில் முடித்தால், நொடிக்கு 53 பில். அதற்கு மேல் போகவே முடியாது, ஏனென்றால் கவுன்டரில் இருப்பவரின் கை அவ்வளவு வேகத்தில்தான் ஓடும். இது மிகவும் உதவியான ஒரு வரம்பு. இணையதளத்துக்கு இப்படி ஒரு கூரை கிடையாது, கடைக்கு உண்டு.

53 பில், ஒவ்வொன்றிலும் பொருளுக்கு ஒன்றாக 10 வரி என்றால் நொடிக்கு 530 வரிகள். இன்றைய நடுத்தரமான ஒரு டேட்டாபேஸ் சர்வர் நொடிக்குச் சில ஆயிரம் சிறிய பரிவர்த்தனைகளைத் தாங்கும். அதாவது 400 கிளைகளின் மொத்த விற்பனையையும் பதிவு செய்ய, வேகத்தை மட்டும் பார்த்தால், ஒரு மெஷின் போதும்.

இடமும் அப்படித்தான். ஒரு வரிக்கு 200 பைட் வைத்தாலும் நாளைக்கு 2 ஜிபி, வருடத்துக்கு 730 ஜிபி. இண்டெக்ஸ் (தேட உதவும் அட்டவணை), லாக் (நடந்தவற்றின் பதிவு) எல்லாம் சேர்த்து மூன்று மடங்கு ஆக்கினால் 2.2 டிபி. ஸ்டாக் விவரம்? 50,000 பொருள், 400 கிளை, ஆக 2 கோடி வரிகள். வரிக்கு 100 பைட் என்றால் 2 ஜிபி. கைப்பேசியின் மெமரியில்கூட அடங்கிவிடும் அளவு.

இதைச் சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். அவர்களுக்காக ஒரு ஒப்பீடு. நிரலர்கள் கேள்வி பதிலுக்காகப் போகும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளமும் அதன் உடன்பிறப்புத் தளங்களும் 2016ல் நாளொன்றுக்கு 20 கோடிக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை 11 வெப் சர்வரையும் 4 டேட்டாபேஸ் சர்வரையும் நடுவில் வைத்துச் சமாளித்தன. இன்னொரு முனையில், 2020 நவம்பர் விற்பனைத் திருவிழாவில் அலிபாபா நொடிக்கு 5,83,000 ஆர்டர் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த நிறுவனத்தின் கட்டமைப்பைப் பார்த்து ஆசைப்பட்டு, நொடிக்கு 53 பில் போடும் நிறுவனங்கள் அதே மாதிரி கட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். பத்தாயிரம் மடங்கு சிறிய பிரச்சினைக்கு அந்த விடையைக் கொண்டுவந்து வைத்தால், அதைப் பராமரிக்கவே தனியாக ஒரு படை வேண்டியிருக்கும்.

படி 2: அப்படியானால் ஏன் மெதுவாக இருக்கிறது?

கணக்கு இவ்வளவு சிறிதாக வந்தும், உண்மையில் பல இடங்களில் பில் முடிய நேரமாகிறது, சர்வர் திணறுகிறது. இந்தப் படியில்தான் மொத்த வழிகாட்டியின் உயிரும் இருக்கிறது, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு முறை, பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்தில் மைய சர்வர்களை மூன்று மடங்காக்க முடிவாகியிருந்தது. காரணம், நெரிசல் நேரத்தில் பில் முடிக்கும் பொத்தானை அழுத்தியதும் திரை உறைந்து நிற்கிறது. வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டு, ஒரு கிளையில் கவுன்டருக்குப் பின்னால் போய் நின்றேன். கையில் ஸ்டாப் வாட்ச், பக்கத்தில் நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவு செய்யும் ஒரு மடிக்கணினி. கவுன்டரில் இருந்த பெண் பொத்தானை அழுத்திவிட்டு, திரையைப் பார்க்காமலேயே பையை எடுத்துத் தரத் தொடங்கினார். உறைந்து நிற்கும் நேரம் அவருக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. ஆறு நொடி. பதிவைத் திறந்து பார்த்தால், அந்த ஒரு அழுத்தலுக்கு மென்பொருள் மையத்துக்கு 150 முறை போய்வந்திருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் விலையைத் தனியாகக் கேட்டு, விற்பனை வரியைத் தனியாகக் கேட்டு, சலுகை உண்டா என்று தனியாகக் கேட்டு, பிறகு பில்லின் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எழுதி. ஒரு தடவை போய்வர 40 மில்லிநொடி. 150 முறை என்றால் 6 நொடி. மைய சர்வரின் பிராசஸர் அப்போது பெரும்பாலும் சும்மாதான் இருந்தது.

புது சர்வர் வாங்கியிருந்தால் அந்த 40 மில்லிநொடியில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. ஃபைபர் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 1,000 கிலோமீட்டர் தூரம் போய்வர 10 மில்லிநொடி, வழியில் உள்ள கருவிகளின் தாமதம் தனி. தூரத்தைக் காசு கொடுத்துக் குறைக்க முடியாது.

அப்புறம், தாமதம் சர்வர் தேவையைப் பெருக்கவும் செய்கிறது. ஜான் லிட்டில் 1961ல் நிறுவிய ஒரு எளிய விதி இருக்கிறது. ஒரு நேரத்தில் உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை, நொடிக்கு வருபவை எத்தனையோ அதை ஒவ்வொன்றும் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். நொடிக்கு 53 பில், ஒவ்வொன்றுக்கும் 6 நொடி என்றால், எந்நேரமும் 318 பில் உள்ளே நிற்கின்றன. டேட்டாபேஸில் 200 கனெக்‌ஷன்தான் திறந்திருக்கிறது என்றால் மற்றவை வாசலில் வரிசையில். இதே பில் கால் நொடியில் முடிந்தால் உள்ளே இருப்பவை 13 மட்டுமே. அதே விற்பனை, அதே வாடிக்கையாளர்கள். 318க்கும் 13க்கும் இடையே உள்ள இந்த வித்தியாசத்துக்காகத்தான் மூன்று மடங்கு சர்வர் வாங்கப் போனார்கள்.

அங்கே கடைசியில் என்ன செய்தோம் என்றால், விலை, விற்பனை வரி, சலுகை மூன்றையும் கிளையில் இருந்த சிறிய சர்வருக்கே இறக்கினோம், பில்லை ஒரே தொகுப்பாக மையத்துக்கு அனுப்ப வைத்தோம். புது மைய சர்வர் ஒன்றும் வாங்கவில்லை.

ஆகவே இந்தப் படியில் நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு பில், ஒரு ஸ்டாக் வரவு, ஒரு பொருள் திரும்பப் பெறுதல், மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மையத்துக்கு எத்தனை முறை போய்வருகிறது என்று எண்ணுங்கள். இரட்டை இலக்கத்துக்கு மேல் போனால் சர்வர் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு மென்பொருள் எழுதியவர்களோடு உட்காருங்கள்.

படி 3: உச்சத்துக்கு எவ்வளவு இடம் விடுவது?

சர்வர் 90 சதவீதம் ஓடுகிறது என்றால் காசுக்கு நல்ல பலன் என்று நினைக்கத் தோன்றும். வேலைகள் ஒழுங்கில்லாமல் வரும் இடத்தில் அது ஆபத்து. ஒற்றை வரிசைக்கான எளிய கணிதம் இப்படிப் போகிறது: பாதி நிரம்பிய சர்வரில் ஒரு வேலை முடிய, காலியான சர்வரில் ஆவதைவிட 2 மடங்கு நேரம் ஆகும். 80 சதவீதத்தில் 5 மடங்கு, 90ல் 10, 95ல் 20. கடைசி சில சதவீதத்தில் எல்லாமே குலைந்துபோகிறது. உச்ச நேரத்தில் 60 முதல் 70 சதவீதம் என்று நான் வைப்பேன்.

அதோடு ஒரு மெஷின் படுத்துக்கொண்டால் மற்றவை தாங்க வேண்டும். மூன்று மெஷின் ஆளுக்கு 60 சதவீதம் ஓடும்போது ஒன்று நின்றால் மீதி இரண்டும் 90க்குப் போய்விடும். அப்போது நான்கு மெஷின், ஆளுக்கு 45. ஒன்று நின்றாலும் 60தான். சரி, இதுவே போதும். வளர்ச்சிக்கு என்று ஐந்து வருடக் கொள்ளளவை இன்றே வாங்கிப் போடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு வாங்குங்கள், சேர்க்க வழி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கிளைக்குள் என்ன வேண்டும்?

நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் டேட்டா சென்டர் அல்ல, கிளைதான். மையத்தில் இருபது மெஷின் இருக்கலாம். கிளைகளில் 4,800 கவுன்டர், கிளைக்கு இரண்டாக 800 சிறிய சர்வர், 400 ரவுட்டர், அதற்கு மேல் ஸ்விட்ச், பிரிண்டர், ஸ்கேனர், அட்டை தேய்க்கும் கருவி, யு.பி.எஸ். எண்ணிக்கையில் உங்கள் கட்டமைப்பின் பெரும்பகுதி ஏ.சி. கூட இல்லாத ஒரு பின்னறை அலமாரியில்தான் இருக்கிறது.

கிளை சர்வர் இரண்டு ஏன்? ஒன்று நின்றால் மற்றொன்று ஓட. அவ்வளவு சக்தி தேவையில்லை. 12 கவுன்டருக்கு 8 கோர் பிராசஸர், 32 ஜிபி மெமரி, கண்ணாடிப் பிம்பம் போல இரட்டையாக எழுதும் இரண்டு எஸ்.எஸ்.டி. டிஸ்க் உள்ள சிறு பெட்டி தாராளம். சிக்-ஃபில்-ஏ உணவகத் தொடர் ஒவ்வொரு கடையிலும் கையளவு கணினி மூன்றைச் சேர்த்து ஒரு கிளஸ்டராக ஓட்டுவதை 2018ல் தானே எழுதி வெளியிட்டது. பெட்டி சிறிதாக இருப்பதில் இன்னொரு நன்மை: பழுதானால் அங்கேயே பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, மாற்றுப் பெட்டியைக் கூரியரில் அனுப்பி, கிளை மேலாளரே இரண்டு கேபிளைச் செருகினால் போதும். மீதியைப் பெட்டி தானே மையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். 800 பெட்டிகளை ஆள் போய்த்தான் நிறுவ வேண்டும் என்றால் அந்தத் திட்டம் நிற்காது.

உதிரிக் கணக்கையும் போடுங்கள். வருடத்துக்கு 5 சதவீதக் கவுன்டர்கள் பழுதாகும் என்று வைத்துக்கொண்டால் 240, வாரத்துக்கு ஐந்து. இந்த ஐந்தும் எங்கே இருப்பில் இருக்கும், எத்தனை மணி நேரத்தில் கிளைக்குப் போகும் என்பது சர்வர் மாடலைவிட முக்கியமான முடிவு.

லைன் அறுந்தால் கவுன்டர் பில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் சில விஷயங்கள் ஆரம்பத்திலேயே சரியாக அமைய வேண்டும். பில் எண்ணை மையம் தரக் கூடாது. கிளை எண், கவுன்டர் எண், வரிசை எண் என்று கவுன்டரே உருவாக்கினால் எங்கேயும் மோதாது. லைன் வந்ததும் சேர்ந்த பில்களை அனுப்பும்போது, பாதியில் மறுபடி அறுந்து, ஒரே பில் இரண்டு முறை போய்ச் சேரலாம். மையம் அந்த எண்ணைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அட்டைப் பரிவர்த்தனையை லைன் இல்லாமல் எந்தத் தொகைவரை ஏற்பது என்பதைப் பணப்பரிவர்த்தனை நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜூன் 15, ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் பில்லிங் சுமார் இரண்டு மணி நேரம் நின்று, வரிசை கடையின் உள்ளே வளைந்து வளைந்து நீண்டது. தாக்குதல் அல்ல, உள் தொழில்நுட்பக் கோளாறு என்று நிறுவனம் சொன்னது. வருடத்தில் 99.9 சதவீதம் ஓடும் என்ற வாக்குறுதிக்கு 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். 99.99 என்றால் சுமார் 53 நிமிடம். அந்த நிமிடங்கள் நள்ளிரவில் வருமா, விடுமுறைக்கு முந்தைய மாலையில் வருமா என்பதை எந்த ஒப்பந்தமும் சொல்லாது. கிளை தனியாக ஓடத் தெரிந்திருந்தால் மையத்துக்கு 99.9 போதும், நிறைய மிச்சம். இல்லையென்றால் நான்கு ஒன்பதும் போதாது.

படி 5: கேமராவை மறந்துவிடாதீர்கள்

ஸ்டோரேஜ் கணக்கில் பலர் தடுக்கி விழும் இடம் இது. கிளைக்கு 40 கேமரா, ஒவ்வொன்றும் 3 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 3 மெகாபிட் என்று வைப்போம். ஒரு கேமரா நாளைக்கு 32 ஜிபி. 40 கேமராவுக்கு 1.3 டிபி. ஒரே கிளையின் ஒரு நாள் வீடியோ, 400 கிளைகளின் ஒரு வருட பில் விவரத்தைவிட (இண்டெக்ஸ், லாக் சேர்க்காமல் 730 ஜிபி) பெரிது. 30 நாள் வைத்திருந்தால் கிளைக்கு 39 டிபி, மொத்தம் 15 பெட்டாபைட்டுக்கும் மேல்.

இதை மையத்துக்கோ கிளவுடுக்கோ அனுப்பலாம் என்று யாராவது சொன்னால், 40 கேமராவுக்கு 120 எம்பிபிஎஸ் மேல்நோக்கிய லைன் ஒவ்வொரு கிளைக்கும் வேண்டும் என்பதைக் காட்டுங்கள். வீடியோ கிளையிலேயே இருக்கட்டும், கேட்ட துண்டு மட்டும் மேலே போகட்டும். வீடியோவுக்கும் பில்லிங்குக்கும் நெட்வொர்க் தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும்.

படி 6: நெட்வொர்க்

வீடியோ இல்லாவிட்டால் ஒரு கிளைக்குத் தேவை அதிகமில்லை. ஒரு பில் 10 கேபி என்றாலும் நாளைக்கு 25 எம்பிதான். வால்மார்ட் 1987லேயே தன் கிளைகளைத் தலைமையகத்தோடு செயற்கைக்கோள் வழியாக இணைத்து முடித்துவிட்டது, அன்றைய லைன் வேகத்தில். வேகத்தைவிட இரண்டு வழி இருப்பதே பெரிது. ஒரு ஃபைபர், ஒரு மொபைல் நெட்வொர்க். இரண்டு ஃபைபர் வாங்கினால் இரண்டும் ஒரே குழியில் போகின்றனவா என்று விசாரியுங்கள். ஒரு குழி தோண்டுபவர் இரண்டையும் ஒன்றாக அறுத்த கதை இந்தத் துறையில் எல்லோரிடமும் உண்டு.

படி 7: இரவு வேலைகள்

பகலில் சும்மா இருக்கும் மையம் இரவில்தான் உழைக்கிறது. நாளை எந்தக் கிளைக்கு எது எவ்வளவு அனுப்புவது என்ற கணக்கு 2 கோடி பொருள்-கிளை இணைகளுக்கும் ஓட வேண்டும். ஒன்றுக்கு 1 மில்லிநொடி என்றால் ஒரே கோரில் 5 மணி 33 நிமிடம். 32 கோரில் பிரித்தால் பத்து நிமிடம் சொச்சம். கணிப்பு முறை சிக்கலாகி ஒன்றுக்கு 10 மில்லிநொடி ஆனால் ஒன்றே முக்கால் மணி. அதற்குள் முடிந்து, கிடங்குக்குப் பட்டியல் போய், விலைமாற்றம் கிளைக்கு இறங்கி, கடை திறக்க வேண்டும். இரவு வேலைகளில் எது எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்தால், பெரும்பாலும் நேரம் போவது கணக்கில் அல்ல, ஒன்று முடிய மற்றொன்று காத்திருப்பதில் என்று தெரியும்.

விலைப்பட்டியலை எப்படி அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். முழுப் பட்டியல் 10 எம்பி என்று வையுங்கள். அதை மையமே 4,800 கவுன்டருக்கும் நேரடியாக அனுப்பினால் 48 ஜிபி. கிளை சர்வருக்கு ஒரு முறை அனுப்பி அங்கிருந்து பிரித்தால் 4 ஜிபி. மாறியவற்றை மட்டும் அனுப்பினால் சொல்லிக்கொள்ளும் அளவே இல்லை.

படி 8: இணையதளம் வேறு விலங்கு

கடைக்குக் கூரை உண்டு, இணையத்துக்குக் கிடையாது என்றேன். தள்ளுபடி நாளில் 20 லட்சம் பேர் வந்து ஆளுக்கு 12 பக்கம் பார்த்தால் 2.4 கோடிப் பக்கங்கள். அதில் 15 சதவீதம் ஒரே மணி நேரத்தில் விழுந்தால் நொடிக்கு 1,000 பக்கம். ஆர்டரோ, 3 சதவீதம் பேர் வாங்கினாலும் அந்த மணி நேரத்தில் நொடிக்கு 2.5தான். பார்ப்பவர் கூட்டத்துக்கும் வாங்குபவர் கூட்டத்துக்கும் ஒரே அளவில் கட்டமைப்பு போட்டால் வீண். படம், விவரம், பட்டியல் எல்லாம் கேச்சிலிருந்தும் (தயாராக வைத்த நகல்) சி.டி.என்.னிலிருந்தும் (பல ஊர்களில் நகல் வைத்துத் தரும் சேவை) போகட்டும். உங்கள் சர்வரைத் தொட வேண்டியது கூடை, பணம், ஸ்டாக் மூன்றும்தான்.

ஒரு பொறி இருக்கிறது. எல்லோரும் ஒரே பொருளை வாங்க வந்தால், டேட்டாபேஸில் அந்த ஒற்றை வரியை ஒருவர் பின் ஒருவராகத்தான் குறைக்க முடியும். ஒரு முறை பூட்டித் திறக்க 5 மில்லிநொடி என்றால் நொடிக்கு 200, அதற்கு மேல் வராது. நூறு சர்வர் சேர்த்தாலும் அந்த 200 நகராது. ஸ்டாக்கைப் பல சிறு பங்காகப் பிரித்து வைப்பது, அல்லது ஆர்டரை வரிசையில் ஏற்றுப் பிறகு உறுதி செய்வது, இவைதான் வழி.

படி 9: சொந்தமா, வாடகையா?

ஒரே சீராக ஓடும் வேலைக்குச் சொந்த மெஷின், ஏறி இறங்கும் வேலைக்குக் கிளவுட். பில் பதிவும் ஸ்டாக்கும் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு. இணையதளம் சில நாளில் பல மடங்கு. எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்க்கும் லோடு டெஸ்டுக்கு ஒரு வாரம் பெரிய அமைப்பு வேண்டும், மறு வாரம் வேண்டாம். இப்படிப் பிரித்தாலே பாதி விவாதம் முடிந்துவிடும். ஒப்பிடும்போது கிளவுடின் மணி வாடகையோடு வெளியே போகும் தரவுக்கான கட்டணத்தையும், சொந்த மெஷினின் விலையோடு மின்சாரம், இடம், உதிரி, அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களின் சம்பளத்தையும் சேருங்கள். சம்பளத்தை விட்டுவிட்டுப் போட்ட ஒப்பீடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

படி 10: ஒரே அடியில் எல்லாம் விழாமல்

2021 ஜூலையில் சுவீடனின் கூப் நிறுவனம் சுமார் 800 கடைகளை மூட வேண்டியிருந்தது. அவர்களைத் தாக்கியவர்கள் அவர்களை நேரடியாகத் தொடவில்லை. கசேயா நிறுவனத்தின் தொலைநிர்வாக மென்பொருள் வழியே பரவிய ரான்சம்வேர் (கணினியை முடக்கிப் பணம் கேட்கும் நச்சு மென்பொருள்), பில்லிங் சேவை தருபவரைத் தாண்டி கவுன்டர்களை முடக்கியது. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு தவறான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது, அவற்றில் கடைக் கவுன்டர்களும் உண்டு. 2013ல் டார்கெட்டில் 4 கோடி அட்டை விவரங்கள் போனபோது, திருடர்கள் நுழைந்தது குளிரூட்டும் வேலை பார்த்த ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லை வைத்து.

இந்த மூன்றிலும் சர்வர் எண்ணிக்கைக்கு வேலையே இல்லை. அப்டேட்டை முதலில் 4 கிளைக்கு, ஒரு நாள் பார்த்துவிட்டு 40க்கு, பிறகுதான் 400க்கு அனுப்புங்கள். பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டும் இதில் அடங்கும். அட்டை தேய்க்கும் கருவியிலேயே தகவல் பூட்டப்பட்டு, உங்கள் கவுன்டருக்குத் திறந்த வடிவில் வராமலே வங்கிக்குப் போகட்டும். அட்டைத் தகவல் பாதுகாப்புக்கான பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். தரநிலையின் தணிக்கையில் வரும் கருவிகளின் எண்ணிக்கை அதனால் வெகுவாகச் சுருங்கும். பேக்கப்பில் ஒரு நகலாவது நெட்வொர்க்கிலிருந்து எட்ட முடியாத இடத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து மீட்டெடுக்க எத்தனை மணி ஆகிறது என்று மாதம் ஒரு முறை மீட்டுப் பாருங்கள்.

படி 11: கூட்டிப் பார்த்தால்

நம் மாதிரி நிறுவனத்தின் மையத்துக்கு நான் எழுதும் பட்டியல் இது. டேட்டாபேஸ் இரண்டு மெஷின், ஒன்று எழுதும்போதே மற்றொன்றும் எழுதும். ஒவ்வொன்றிலும் 32 கோர், 512 ஜிபி மெமரி, 8 டிபி ஃபிளாஷ். அப்ளிகேஷனுக்கு நான்கு. கிளைகளிலிருந்து வரும் பில்லை வாங்கி அடுக்கும் வரிசைக்கு மூன்று. இரவு வேலைக்கும் அறிக்கைக்கும் நான்கு. கண்காணிப்பு, லாக், பேக்கப்புக்கு நான்கு. ஆகப் பதினேழு, சர்வர்களை அடுக்கும் ஒரு ரேக்குக்குள் அடங்கும். வேறொரு ஊரில் இதே போல இரண்டாவது ரேக். அங்கே உள்ளவை சும்மா நிற்காமல் சோதனைச் சூழல்களை ஓட்டட்டும். சோதனை, பயிற்சி, லோடு டெஸ்ட் என்று சேர்ந்து அசலுக்குச் சமமாக வளரும் கூட்டம் அது, அதற்கென்று மூன்றாவது ரேக் கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள்.

இதைவிடப் பல மடங்கு பெரிய பட்டியல் உங்கள் மேஜையில் இருந்தால், ஒவ்வொரு வரிக்கும் எந்த எண் காரணம் என்று கேளுங்கள். நல்ல காரணம் இருக்கலாம். இருந்தால் அது நொடிக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு என்று ஒரு எண்ணாகவே வரும்.

படி 12: கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்

எல்லாம் நிறுவியான பிறகு, கூட்டம் குறைந்த ஒரு காலை நேரத்தில், ஒரு கிளையில், மேலாளரிடம் சொல்லிவிட்டு, ரவுட்டரின் வெளி லைன் இரண்டையும் பிடுங்குங்கள். கவுன்டருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

நான் முதல் முறை இதைச் செய்தபோது பில் நிற்கவில்லை, ஆவணத்தில் எழுதியிருந்தபடியே ஓடியது. ஆனால் ஒவ்வொரு பில்லும் முடிய 30 நொடி ஆனது. வாடிக்கையாளரின் புள்ளிகளைத் தேடும் ஒரு சின்ன அழைப்பு, மையம் பதில் தருமா என்று முழு 30 நொடி காத்திருந்துவிட்டு, பிறகுதான் வழிவிட்டது. மூன்றாவது வாடிக்கையாளர் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அன்று மாலையே அந்தக் காத்திருப்பை ஒரு நொடியாகக் குறைத்தோம். மூன்று முறை பதில் வராவிட்டால் அடுத்த ஐந்து நிமிடம் கேட்கவே வேண்டாம் என்றும் எழுதினோம். மறுநாள் காலை அதே கிளையில் மறுபடி கேபிளைப் பிடுங்கினோம். கவுன்டரில் இருந்தவருக்கு லைன் இல்லை என்பதே தெரியவில்லை.